கடைசி ஆள்

திங்கட்கிழமை காலை யூவன் பெட்ரி தபால் பையோடு துறைமுகத் தெருவுக்குள் நுழைந்தபோது, பதினான்காம் எண் வீட்டு வாசலில் நெட்டி கோவி வலது கையை வானத்தை நோக்கி நேராகத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அவன் கேட்டைத் திறந்து, மின்வாரியக் கடிதத்தையும் பல் மருத்துவர் அனுப்பிய அட்டையையும் நீட்டினான். அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கை அப்படியே நின்றது.

"கை வலிக்கலையா நெட்டிம்மா?"

"வலிக்குது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குற வரைக்கும் இறக்கப்படாதுன்னு இருக்கேன். நீயும் அப்படித்தானே நின்ன?"

யூவன் சிரித்துவிட்டான். வேறு என்ன செய்வது? பதினாறாம் எண்ணில் மீன்வலைக்காரன் கை தூக்கினான். இருபத்திரண்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஜன்னலுக்குள் இருந்தபடியே கை தூக்கினார்கள். தேவாலயத்து மூலையில் நாயோடு வந்த பாதிரியார்கூட, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கையைக் காது உயரத்துக்குக் கொண்டுபோனார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இந்த ஊர் வாயைக்கூடத் திறக்காமல் பேசத் தெரிந்த ஊர்.

விஷயம் இதுதான். ஊரின் கால்பந்து அணியான ஆர்ட்மூர் விக்டோரியா அந்த வருடம் ஸ்காட்லாந்து லீக்கின் அடிமட்டத்தில் கடைசி இடத்தில் முடித்திருந்தது. கடைசி இடத்துக்காரர்கள் கீழே இருந்து மேலே ஏறி வரத் துடிக்கும் ஓர் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடவேண்டும். இரண்டிலும் சேர்த்து அதிக கோல் போட்டவர்களுக்கு லீக்கில் இடம். தோற்றவர்கள் வெளியே. முதல் ஆட்டம் சனிக்கிழமை கிளென்ஃபாரனில் நடந்தது. எழுபதாவது நிமிடத்தில் எதிரணியின் முன்கள ஆட்டக்காரன், ரோரி டஃப் என்ற பத்தொன்பது வயது மின்னல், விக்டோரியாவின் நடுத் தடுப்பில் நின்ற யூவனின் முதுகுக்குப் பின்னால் ஓடினான். யூவன் ஓடவில்லை. நின்று, கையைத் தூக்கி, ஆஃப்சைடு, பந்து வருமுன்பே எல்லை தாண்டிவிட்டான் என்றான். பத்தொன்பது வருடமாக அவன் கை தூக்கினால் பக்கக் கோட்டில் நிற்கும் லைன்ஸ்மேனின் கொடியும் பெரும்பாலும் கூடவே எழும். யார் யாரைப் பார்த்துத் தூக்குகிறார்கள் என்று சொல்வது கஷ்டம். அன்றைக்குக் கொடி எழவில்லை. பந்து வலைக்குள் கிடந்தபோதும் அவன் கை மேலேதான் இருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை கை தூக்கியபடி சறுக்கியதை மறுநாள் பத்திரிகை பெரிய படமாகவே போட்டது.

ஆனாலும் அவனுக்குக் கூச்சம் வரவில்லை. அது அவன் சுபாவம். பதினேழு வயதில் கிளாஸ்கோவின் பெரிய கிளப் ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து, "உயரம் இருக்கு, வேகம் இல்லை" என்று அனுப்பிவிட்டது. அழுதுகொண்டு ஊர் திரும்புவான் என்று எதிர்பார்த்தவர்களிடம், "வேகமா ஓடுறவன் ஏன் ஓடுறான்? தப்பான இடத்துல நின்னதாலதான்" என்று சொன்னான். அன்றிலிருந்து சரியான இடத்தில் நிற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டான். நடுவில் மூன்று வருடம் மேல் லீக்கில் ஆடினான். அப்போது ஒரு கோப்பை ஆட்டத்தில், நாடே கொண்டாடிய கோல்காரன் ஒருவன் தொண்ணூறு நிமிடம் அவனைத் தாண்ட முடியாமல் திணறி, முடிந்ததும் வழக்கப்படி சட்டையை மாற்றிக்கொள்ளக்கூட வராமல் போனான். மூக்கு மூன்று முறை உடைந்தது. மூன்றும் கார்னர் பந்துக்குத் தலை கொடுத்ததில். தடுப்பாட்டக்காரனுக்குக் கால் பாதி, வாய் பாதி. அவன் ஆட்டம் முழுக்க, "இடது, இடது! விடாதே! ஏறு, எல்லாரும் ஏறு!" என்று கத்திக்கொண்டே இருப்பான். தொண்டை கட்டிப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சைகை பாஷைதான்.

இத்தனைக்கும் நடுவே அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. அறுநூறுக்கு மேல் ஆட்டம் ஆடியும் சிவப்பு அட்டை வாங்கியதில்லை. ஒரே ஒருமுறைகூட மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டதில்லை. நடுத் தடுப்பில் நிற்பவனுக்கு இது நடவாத காரியம். மீன் வெட்டுகிறவன் சட்டையில் ஒரு செதில்கூட ஒட்டாமல் வீடு திரும்புவது மாதிரி. வரும் சனிக்கிழமை உள்ளூரில் நடக்கும் இரண்டாவது ஆட்டம்தான் அவனுடைய கடைசி ஆட்டம் என்று ஊருக்கே தெரியும்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் மேலாளர் ஸ்டீவி லாமண்ட் அவனைத் தனியாகக் கூப்பிட்டான். லாமண்டுக்கு வயது முப்பத்துநான்கு. ஒரு காலத்தில் யூவனுக்கு இடது பக்கத்தில் ஆடி, அவனிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன். முழங்கால் போய், மேலாளர் ஆனான். கடல் மூட்டம் மைதானத்தின் பாதியை விழுங்கியிருந்தது. லாமண்ட் அந்த மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மாப்ளே, சனிக்கிழமை உன்னை வெளிய உட்கார வைக்கலாமான்னு யோசிக்கிறேன். அந்தப் பையன் ரோரி ரொம்ப வேகம்."

"யோசி. நல்லா யோசி. யோசிச்சு முடிச்சதும் முதல்ல என் பேரை எழுது."

"நான் சீரியஸா பேசறேன்டா."

"நானும்தான். ஒரு தடவை என்னை ஏமாத்திட்டான். அதனால மறுபடியும் அதே வழியாதான் வருவான். எந்த வழின்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான்தானே? என்னை உட்கார வெச்சா, தெரியாத ஒருத்தனை அனுப்பணும் நீ."

லாமண்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "உன்கிட்ட பேசி எவன் ஜெயிச்சான்!"

"ஷோனா. அவ மட்டும்தான்."

ஷோனா அவன் மனைவி. அன்று மாலை உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "கடைசி ஆட்டத்துல உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டாள். ஜெயிக்கணும் என்று சொல்வான் என எதிர்பார்த்திருப்பாள். அவன் சாப்பாட்டு மேசையைத் துடைத்து முடித்தான்.

"கடைசி விசில் ஊதும்போது நான் உள்ள நிக்கணும். அவ்வளவுதான். நானா நடந்து வெளிய வரணும். யாரும் என்னை அனுப்பக் கூடாது, யாரும் என்னைத் தூக்கிட்டும் வரக் கூடாது."

"சரி. நான் ஸ்டாண்டுல மூணாவது வரிசையில இருக்கேன். நடந்து வா," என்றாள் ஷோனா.

சனிக்கிழமை மூட்டம் இல்லை. எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். இந்த ஊருக்கு அது திருவிழா. நுழைவாயிலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நெட்டி கோவி, ஒருவரையும் கிண்டல் செய்யாமல் உள்ளே விட்டாள். அவளும் பயந்திருந்தாள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முதல் பாதியில் விக்டோரியா ஒரு கோல் போட்டது. அடித்தவனின் இடுப்பில் பட்டு, போகத் தெரியாமல் போய் விழுந்த கோல். எப்படி விழுந்தால் என்ன? அறுபத்தெட்டாவது நிமிடத்தில் விக்டோரியாவுக்குப் பெனால்டி, அதுவும் கோல். இரண்டு. மொத்தத்தில் இரண்டுக்கு ஒன்று. இப்படியே முடிந்தால் லீக்கில் இருப்பார்கள். ரோரி டஃப் அதுவரை நான்கு முறை யூவனின் முதுகுப் பக்கம் ஓடிப் பார்த்திருந்தான். நான்கு முறையும் யூவன் அவனுக்கு முன்பே அங்கே போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நின்றுகொண்டிருந்தான்.

"தாத்தா, உனக்கு வீட்ல வேலை இல்லையா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் ரோரி.

"திங்கக்கிழமைலேருந்து அதுதான். இன்னிக்கு உன்னை மேய்க்கிற வேலை."

தொண்ணூறு தாண்டிக் கூடுதலாக நான்கு நிமிடம் என்று அறிவித்தார்கள். மூன்றாவது நிமிடத்தில், பந்தை வெளியே அடித்துத் தொலைக்க வேண்டிய இடத்தில், இடது பக்கத்து ஆண்ட்ரூ மட்ச் வழுக்கி விழுந்தான். எல்லாரும் மேலே ஏறியிருந்தார்கள்; ஏறச் சொல்லிக் கத்தியவனே யூவன்தான். ரோரி பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். அவனுக்கும் கோலுக்கும் நடுவே கோல்கீப்பர். அவனுக்கு அரையடி பின்னால் யூவன். வேறு யாரும் இல்லை.

இந்த ஓட்டத்தில் சரியான இடம் என்று ஒன்று இல்லை என்பது யூவனுக்கு முதல் எட்டிலேயே தெரிந்துவிட்டது. இன்னும் ஐந்து எட்டில் பெனால்டி பெட்டியின் வெள்ளைக் கோடு. பெட்டிக்குள் தொட்டால் பெனால்டி, கிட்டத்தட்ட கோல் மாதிரி. தொடாமல் விட்டால், இந்தப் பையன் இந்த வேகத்தில் தவறவிட மாட்டான். கோட்டுக்கு வெளியே வீழ்த்தினால் வெறும் ஃப்ரீகிக். ஆனால் கடைசி ஆளாக இருந்து வீழ்த்துகிறவனுக்கு என்ன அட்டை என்று ரெஃப்ரி யோசிக்க வேண்டியதே இல்லை.

நான்கு எட்டு. மூன்று. அவனுக்குத் துக்கமாக இருந்தது. பத்தொன்பது வருடம் காப்பாற்றியது, இன்னும் ஒரே ஒரு நிமிடம். மூன்றாவது வரிசையை அவன் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும். கடைசி எட்டில், ரோரியின் பின்னங்கால் தரையை விட்டு எழுந்த சமயம் பார்த்து, தன் பாதத்தை அதன் குறுக்கே மெதுவாக நுழைத்தான். முழங்காலில் இல்லை, கணுக்காலில் இல்லை, பூட்ஸின் மூக்கில். வலிக்காமல் விழவைப்பதும் இந்தத் தொழிலில் ஒரு வேலைதான். பையன் பறந்து புல்லில் சறுக்கி, பெட்டிக்குள் போய்க் கிடந்தான். விழுந்த இடம் உள்ளே. தட்டிய இடம் ஒரு முழம் வெளியே.

ரெஃப்ரி ஓடி வருவதற்குள் யூவன் கை கொடுத்து ரோரியைத் தூக்கிவிட்டான்.

"தாத்தா, இது நியாயமா?"

"இல்லடா தம்பி. கொஞ்சங்கூட நியாயம் இல்லை. அடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப சரி."

சிவப்பு அட்டை மேலே போனது. ரெஃப்ரிக்கே கொஞ்சம் சங்கடம். அவர் அவனுடைய ஆட்டங்களில் பாதிக்கு விசில் ஊதியவர். யூவன் வாதாடவில்லை. கேப்டன் பட்டையைக் கழற்றி, முகம் வெளுத்து நின்ற ஆண்ட்ரூ மட்ச்சின் கையில் மாட்டினான். "அழாதே. அழுதா பந்து தெரியாது." பிறகு ஃப்ரீகிக்கைத் தடுக்க ஆட்களால் சுவர் வைக்கத் தொடங்கினான். ஐந்து பேரைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "இன்னும் ஒரு அடி இடது. அந்த மொட்டைத் தலைக்காரன் இடது கால்ல அடிப்பான், மேல சுத்துற மாதிரி காட்டுவான். குதிக்காதீங்க, யாரும் குதிக்காதீங்க, அடியில விடுவான்!" என்றான்.

"யூவன், நீ வெளிய போயாச்சு," என்றார் ரெஃப்ரி.

"போறேன், போறேன். பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை, வழி தெரியல."

பக்கக் கோட்டை அவன் தாண்டியபோது எங்கேயோ ஒரு ஜோடிக் கை தட்டத் தொடங்கியது. நெட்டி கோவியா, ஷோனாவா என்று பார்க்காமலே நடந்தான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கோல் போட்டவனுக்குக்கூட இந்த ஊர் இப்படித் தட்டியதில்லை. லாமண்ட் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை கொடுத்தான்.

வெளியேற்றப்பட்டவன் ஓரத்தில் நின்று பார்க்கக் கூடாது. உடை மாற்றும் அறைக்குள் போகவேண்டும். காவலுக்கு நின்ற ஆள், "மன்னிச்சுக்க அண்ணே," என்று கதவைச் சாத்தினான்.

அறை ஸ்டாண்டுக்கு நேர் அடியில் இருந்தது. பழைய மரப் பலகைகள்தான் கூரை. இத்தனை வருடத்தில் ஆட்டம் நடக்கும்போது அவன் இங்கே இருந்ததே இல்லை. எண்ணூறு பேர் தலைக்கு மேல் இருந்தும் இவ்வளவு அமைதி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து இடது பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தான். சுவரை அவனே வைத்திருந்தான். அது சரியான இடத்தில் இருக்கிறது.

விசில் கேட்டது. ஃப்ரீகிக்குக்கான விசில். பிறகு காலில் பந்து அடிபடும் சத்தம், மூடிய கதவு வழியாக, தலையணையில் குத்தியது போல.

ஒரு நொடி எதுவும் இல்லை. அப்புறம் தலைக்கு மேல் எண்ணூறு பேரும் ஒரே சமயத்தில் "விக்டோரியா!" என்று கத்தியபடி எழுந்து நின்றார்கள். பலகைகள் அதிர்ந்தன. இடுக்குகளிலிருந்து பல வருடத்துத் தூசி அறை முழுக்கப் பொன்னாக உதிர்ந்து, அவன் முடியிலும் தோளிலும் மூன்று முறை உடைந்த மூக்கிலும் படிந்தது. யூவன் பெட்ரி ஒரு காலில் பூட்ஸும் ஒரு கையில் பூட்ஸுமாக எழுந்து நின்று, கண்ணை மூடாமல், மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.