வீடியோக்காரரின் பாஸ்வேர்டு

சாயிரா பானு கம்ப்யூட்டரில் தவறாக அடித்த பாஸ்வேர்டு ஒவ்வொன்றும் மறுநாள் காலை நிஜமாகவே வந்து சேர்ந்தது. பழைய மொபெட்டின் நம்பரை அடித்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் விற்ற வண்டி, பாதி டேங்க் பெட்ரோலுடன் வாசலில் நின்றது. மூடிப்போன மில்லின் பெயரை அடித்தாள். விடிகாலையில் சங்கு ஊதியது. சிங்காநல்லூரில் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடச் சோற்றுத் தூக்குப்போசியோடு ஷிஃப்டுக்குக் கிளம்பி, பாதி வழியில் நினைவு வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அன்று முழுவதும் ஊரே ஏக்கம் பிடித்துத் திரிந்தது. சங்கு அதன்பின் தினமும் ஊதுகிறது.

அவளுக்கு மொபெட்டும் வேண்டாம், சங்கும் வேண்டாம். அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். ஊரார் முகமெல்லாம் அவர் கேமராவில் இருந்தது, அவர் முகம் எதிலும் இல்லை. ஆதார் அட்டையில் இருந்தது யார் முகமோ. மகள் ரிஃபத்தின் நிக்காஹ் அன்று மட்டும் கேமராவை மனைவி கையில் கொடுத்து ஒரு நிமிஷம் எதிரே நின்றார். அந்த நிமிஷம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாமலே அவர் கண்ணை மூடி, மௌத்தாகி மூன்று வருஷம். ஒருநாள், அவர் மச்சம் எந்தக் கன்னத்தில் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. அன்றுதான் பயந்துபோய் அடிக்க ஆரம்பித்தாள்.

ரிப்பேர் பார்க்கும் சரவணன் கையை விரித்துவிட்டான். "பூட்ட ஒடச்சா உள்ளிருக்கறதெல்லாம் போயிருமுங்க்கா. அட்மின் பாஸ்வேர்ட நீங்களேதான் கண்டுபுடிக்கோணும்."

கருமத்தம்பட்டியிலிருந்து ரிஃபத் போனில் கேட்டாள்: "அத்தா பேரப் போட்டுப் பாத்தீங்களாம்மா?"

எங்கே போட்டாள்! கட்டிவந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். அன்று சாயங்காலம் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தேடி, ரசாக் என்று அடித்தாள். தவறு என்றது கம்ப்யூட்டர்.

மறுநாள் சங்கு ஊதி ஓய்ந்ததும் ரசாக் வந்தார். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, டீ கேட்டார்.

"ஏனுங்க, அந்தப் பாஸ்வேர்டு என்னங்க?"

"மறந்துபோச்சு பானு" என்றார். ஆனால் கீபோர்டு முன் உட்கார்ந்ததும் விரல்கள் தாமாக அடித்தன. கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

அந்த ஒரு நிமிஷம் பத்திரமாக இருந்தது. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, காலர் பட்டன். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. பானு கேமராவை அவ்வளவு தாழ்த்திப் பிடித்திருந்தாள்.

"இதுக்கா இத்தன பாடு?" என்று சிரித்தார் ரசாக். அவள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அவர் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் விஷயம் பரவி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கல்யாண ஆர்டர் வந்துவிட்டது. மொபெட்டில் பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது; அதிலேயே போய்வந்தார்.