ஒற்றை மேஜோடு

நெய்யூருக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சபைக்குச் சீமையிலிருந்து வருஷா வருஷம் ஒரு பெட்டி வரும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கான கிறிஸ்மஸ் பரிசு அது. பொம்மை, பட அட்டை, பென்சில் என்று ஏதாவது இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஞானசிங் பெட்டியை உடைத்தார். உள்ளே காலில் போடும் கம்பளி மேஜோடுகள்தான் இருந்தன, வேறு ஒன்றுமில்லை.

செருப்பே போடாத ஊருக்கு மேஜோடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? எண்ணினார்கள். நாற்பத்திரண்டு. சோடி சேர்க்கப் போனபோதுதான் வினை வந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று முழங்காலுக்கு வரும், ஒன்று சாண் நீளம். ஒன்றுக்கும் சோடி இல்லை. நாற்பத்திரண்டும் ஒற்றைக் கால்.

"மத்தக் கால் எல்லாம் எங்க?" என்று கேட்டார் ஞானசிங்.

பெட்டியை நாகர்கோவிலிலிருந்து ஏற்றி வந்தவன் வண்டிக்கார ராஜையன். அதே ராஜையன்தான் கீரிப்பாறைப் பக்கத்து மலைத் தோட்டங்களுக்கு அரிசி மூட்டை கொண்டு போகிறவன். மலையில் அட்டைக்கடி ஜாஸ்தி. கம்பளி மேஜோடு போட்டால் அட்டை ஏறாது, சிவப்பா பச்சையா என்று அட்டை பார்க்கவும் பார்க்காது. மலையில் விற்க மற்றக் கால்களை அவன் எடுத்துக்கொண்டான் என்று மூப்பர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். புத்திசாலி மனுஷர்தான். அந்தப் புத்தி ஓடுகிற வழியில் ஆள் நிற்கிறானா என்று மட்டும் பார்க்கமாட்டார்.

"பெட்டி ஆணி அடிச்சபடிதான் இருந்துது," என்றான் ராஜையன்.

பெட்டி விஷயம் தெரிந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா விடுப்பில் கப்பலேறிப் போயிருந்தாள். கடிதம் போய்ப் பதில் வர மாசி மாசம் ஆகும். மூப்பருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கிறிஸ்மஸ் அன்றைக்குள் மற்றக் கால்கள் வந்து சேராவிட்டால் ராஜையனுக்குப் பண்டிகைத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் இல்லை என்று தீர்த்துவிட்டார். திருவிருந்திலிருந்து விலக்கியவனுடைய வண்டியில் அப்புறம் எவன் நெல் ஏற்றுவான்?

ராஜையனுடைய பெஞ்சாதி தேவகனி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, உலை வைத்து, சோறு போட்டு, அவன் முதல் உருண்டை பிடித்தபோது கேட்டுவிட்டாள்.

"நீங்க எடுத்தியளா?"

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். சபை முழுக்கக் கேட்டபோது வராத கோபம் இப்போது வந்தது. உருண்டையைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து கை கழுவினான். அன்றிலிருந்து அவளிடம் பேச்சில்லை. வைத்ததைத் தின்றான், மாட்டுக்கு வைக்கோல் போட்டான், வண்டி கட்டிப் போனான்.

தேவகனி மிஷன் லேஸ் பின்னுகிறவள். மறுநாள் லேஸ் வீட்டில் அவள் நூல் அறுந்து அறுந்து போவதைப் பார்த்து ராகேல் என்ன விஷயம் என்று விசாரித்தாள். ராகேல் முன்னால் மிஸ்ஸியம்மா பங்களாவில் ஆயாவாக இருந்தவள். விவரம் கேட்டதும் வாயில் கை வைத்துச் சிரித்தாள்.

"ஏட்டி, அது காலுல போடுகதுக்கில்ல. கிறிஸ்மஸுக்கு மொதநாளு வெள்ளக்காரவ கட்டில் கால்ல தொங்க விடுவாவ. ஒரு பிள்ளைக்கு ஒண்ணு. விடியும் முன்ன உள்ள சின்னச் சின்னச் சாமான் போட்டு நிறைப்பாவ. நான் எத்தற தடவ நிறைச்சிருக்கேன்!"

தேவகனிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, வேறொரு பாரம் ஏறியது. ஒரு நாள் பொறுத்திருந்தால் அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டிருக்கவே வேண்டாம். வெட்கத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது.

அப்படியே மூப்பர் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

"மேஜோட்டுல சாமான் வைப்பாவளா? பின்ன ஏன் வெறும் மேஜோட்ட அனுப்பினாவ? ராகேல் உனக்க சேக்காளி. உனக்காகச் சொல்லுவா."

"மூப்பரே, மேஜோட்டை எல்லாம் எனக்க கையில தாருங்க. நான் நிறைச்சுத் தொங்கவிடுதேன். பண்டிகை அன்னைக்கு ஒரு பிள்ளையாவது இன்னொரு கால் கேட்டா, நீங்க சொன்னபடி செய்யுங்க."

ஞானசிங் யோசித்தார். சும்மா கிடக்கிற ஒற்றைக் கால்களால் அவருக்கும் பிரயோசனம் இல்லை. செரி என்றார்.

சொல்லிவிட்டு வந்தபிறகுதான் முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணினாள். கையில் லேஸ் பின்னிய கூலி ஒரு ரூபாய், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம். மேஜோட்டுக்கு ஒரு சக்கரம்கூடத் தேறாது. முதலில் சிலேட்டுக் குச்சியும் வசன அட்டையும் போடலாம் என்று நினைத்தாள். மூப்பர் மெச்சிக்கொள்வார். பிள்ளைகளோ அதைப் பார்த்ததும் இன்னொரு கால் எங்கே என்று கேட்டே விடும். வேறு என்ன செய்யலாம் என்று யோசித்து, கடைசியில், சின்ன வயதில் தான் எதற்கெல்லாம் அடி வாங்கினோம் என்று எண்ணிப் பார்த்தாள். கருப்பட்டி திருடியதற்கு. கோயிலில் ஊதல் ஊதியதற்கு. அக்காள் ரிப்பனை எடுத்துக் கட்டியதற்கு. விளையாடக் கழற்சிக்காய் பொறுக்க முள்ளுக்குள் போய்ப் பாவாடை கிழித்ததற்கு. பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு வேறில்லை.

திங்கள்சந்தையில் வைகுண்டராஜன் கடைக்குப் போனாள். தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்ட மனுஷர். அவரிடம் வேடிக்கைச் சாமான் எல்லாம் இருக்கும்.

"ஆருக்கு அம்மா இவ்வளவு?"

சொன்னாள். அவர் உள்ளே போய், போன வருஷம் சுசீந்திரம் தேரோட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய தகர ஊதல்களைச் சாக்கோடு தூக்கிவந்தார்.

"துரு பிடிக்கதுக்கு முன்ன கொண்டு போ. பதினாலு சக்கரம் போரும். ஆனா ஒண்ணு, உங்க வேதக் கோயில்ல ஊதி பாதிரி ஐயரு ஏசினா என் பேரச் சொல்லாத."

மிச்சக் காசுக்கு ரிப்பன் துண்டுகளும் கருப்பட்டியும் வாங்கினாள். கழற்சிக்காயை வேலியில் பொறுக்கினாள். இந்தத் தடவை சேலை கிழியவில்லை, கைதான் கிழிந்தது. எல்லாவற்றையும் போட்ட பிறகும் மேஜோடு பாதிதான் நிறைந்தது. கம்பளி இழுக்க இழுக்க நீண்டது. "இன்னும் ஒரு சாமான் கனமா இருந்தா நல்லாருக்கும்," என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். ராஜையன் தொழுவத்தில் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மாடுதான் திரும்பிப் பார்த்தது.

இரண்டு நாள் கழித்து அவன் மயிலாடிக்குச் சரக்கு கொண்டுபோய் வந்தான். வாசலில் ஒரு சாக்கைப் பொத்தென்று போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அவிழ்த்துப் பார்த்தாள். அங்குள்ள சிற்பிகள் வேலை ஓய்ந்த நேரத்தில் சில்லுக்கல்லில் கொத்திப் போட்டவை: கட்டைவிரல் அளவு அம்மி, குழவி, ஆட்டுக்கல், யானை. ஆளுக்கு ஒன்று வரும். தேவகனி சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். களவுக்காரன் என்ற பேரோடு மயிலாடி வரை போய், எந்தப் பிள்ளைகளுடைய தகப்பன்மார் அவனை அப்படிச் சொன்னார்களோ அந்தப் பிள்ளைகளுக்கே கல் பொறுக்கி வந்திருக்கிறான். 'கொண்டு வந்தேன்' என்ற ஒரு சொல்லைத்தான் மிச்சம் பிடித்துவிட்டான்.

கிறிஸ்மஸ் விடியற்காலை கோயில் வராந்தாவில் கயிறு கட்டி மேஜோடுகளைத் தொங்கவிட்டாள். கல் கனத்தில் ஒவ்வொன்றும், வளையாமல் இருக்கக் கல் கட்டிய புடலங்காய் மாதிரி நேராக இறங்கியது. அவளும் ராகேலும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தார்கள். முதல் ஊதல் ஊதியதுதான் தாமசம், நாற்பது ஊதலும் சேர்ந்துகொண்டன. ஆராதனையைச் சீக்கிரமாகத் துவக்கினால்தான் இதுகள் அடங்கும் என்று ஐயர் மணியடிக்கச் சொன்னார். ஒரு பையன் கருப்பட்டியை வாயிலும் ஆட்டுக்கல்லை மடியிலும் ஒளித்தான். யானை கிடைத்தவன் அம்மி கிடைத்தவளிடம் மாற்றக் கேட்டு அடி வாங்கினான்.

மூப்பர் ஞானசிங் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பிள்ளையும் இன்னொரு கால் கேட்கவில்லை. பொறுக்கமாட்டாமல் தன் இளைய மகள் குளோரியைப் பிடித்து நிறுத்தினார்.

"மக்கா, இன்னொரு கால் இல்லாம இத எப்படிப் போடுவ?"

குளோரி மேஜோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "காலு உட்டா சாமான எங்க வைக்கதாம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானசிங் கொஞ்ச நேரம் மேல்துண்டைச் சரி செய்தார். பிறகு, வராந்தாவுக்கு வெளியே வண்டியோடு நின்ற ராஜையனைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ராஜையா, அங்க என்ன நிக்க? திருவிருந்துக்கு உள்ள வா. நான் பேசினது பிசகு."

ராஜையன் உள்ளே போனான்.

பிள்ளைகள் நாற்பத்தொன்று. ஒரு மேஜோடு மிச்சம், பழுப்பு நிறத்தில் நீளமான ஒன்று. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று தேவகனி மூப்பரிடம் கேட்டாள்.

"ஒத்தக் கால வச்சு என்ன செய்யப்போற?" என்றார் மூப்பர். பழக்கதோஷம்.

ஆராதனை முடிந்து ராஜையன் வண்டியண்டை வந்தபோது நுகத்தடியில் அந்தப் பழுப்பு மேஜோடு தொங்கியது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கையை விட்டான். கருப்பட்டித் துண்டு வந்தது. வெற்றிலைக் கட்டு வந்தது. பாக்கு வந்தது. புகையிலை வந்தது. தோள் வரை கையை விட்டுத் துழாவினான். கடைசியில் மேஜோட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். தேவகனி சக்கரத்தின் மறுபக்கம் நின்றுகொண்டு மாட்டின் கொம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சுண்ணாம்பு எங்கட்டி?"

மூன்று வாரத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு. அவள் மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தாள்.

"கேட்டாத் தரலாம்னு வச்சிருந்தேன்." டப்பியின் மூடியைத் திறந்தாள். "அன்னைக்குச் சோத்து முன்னால நான் கேட்டேன் பாருங்க... கேட்டிருக்கப்படாது."

அவன் வெற்றிலையின் முதுகைத் திருப்பி நீட்டினான். அவள் விரலால் தொட்டுத் தடவினாள். கொஞ்சம் கூடிப்போயிற்று.

"இம்புட்டு தேச்சா வாயி வெந்துரும்லா," என்றான்.

"வேகட்டு," என்றாள் தேவகனி. "மூணு வாரமா மூடிக் கெடந்த வாய்தானே."