மட்கார்ட் காய்ந்த இடம்

நிரோஷனுக்கு எந்தக் கைவேலையும் வரும். நுவரெலியா வானம்தான் அவன் சொல்பேச்சுக் கேட்காது. பயணிகளை நாலு சக்கர மோட்டார் பைக்கில் ஏற்றித் தேயிலை மலைக்குள் சுற்றிக்காட்டுவது அவன் பிழைப்பு. நேற்று வளைவில் சறுக்கி, சிவப்பு மட்கார்டை மதகுச் சுவரில் உரசிவிட்டான். "நாளன்னைக்குக் கீறல் இருந்தா நீ வேலைக்கு வர வேணாம்" என்றார் முதலாளி.

மட்கார்டைக் கழற்றித் தோட்டத்து லயத்திலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்தில் புட்டிப் பசை அடைத்து, பிரைமரும் சிவப்பும் அடித்தான். வேலை சுத்தம். ஆனால் மழை விட்டபாடில்லை. மூட்டம் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. மத்தியானமாகியும் பெயின்ட் விரலில் ஒட்டியது. அடுப்பில் காட்டினாலோ பிளாஸ்டிக் அப்பளமாய் நெளியும்.

அவன் மனைவி செல்வமலருக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அங்கே எந்நேரமும் சூடான காற்று. மழையில் நனையாத வேலை வேண்டுமென்று வருசக்கணக்காகக் கேட்டு வாங்கியது.

"மலரு, இன்னைக்கு ராத்திரி ஸ்டோர்ல ஒரு மூலையில வச்சிரு. காலையில எடுத்துக்கலாம்."

"தலையில பூ வச்சிக்கிட்டுப் போனாலே உள்ள விட மாட்டாங்க. கொழுந்து வாசத்த இழுத்துக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"கொழுந்து போடாத காலித் தொட்டியிலதானே வைக்கிற. வேலை போச்சின்னா என்ன செய்வோம்?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவளுக்குப் புத்தி இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போயிற்று. சாக்கில் சுற்றி எடுத்துப் போனாள்.

காலையில் மட்கார்ட் பளபளவென்று வந்தது. கீறல் எந்தப் பக்கம் என்று முதலாளி அவனிடமே கேட்டார். நிரோஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதே காலையில் ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கர் வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். இன்னொரு பிடி அள்ளினார். அவர் கேட்கும் முன்பே செல்வமலர் சொல்லிவிட்டாள். பெயின்ட் வாசம் பிடித்த கொழுந்து முழுதும் குப்பைக்குப் போனது. அவளை ஸ்டோரிலிருந்து எடுத்து, மலையில் கொழுந்து பறிக்கப் போட்டார்கள்.

சாயந்தரம் கேள்விப்பட்ட நிரோஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தன் வேலையைக் காப்பாற்ற அவள் வேலையைத் தின்றுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அவள் குழம்பை ஊற்றி, "சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் தூறலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஏற்றிப் போனான். கொழுந்து பறிக்கிறவர்களைப் படம் எடுக்க அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். தேயிலைச் செடிகளின் முதல் நெரையில், இடுப்பில் படங்குத் துணி கட்டி, சொட்டச் சொட்ட நனைந்து நின்றது செல்வமலர். நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

செல்வமலர் வண்டி கிட்டே வந்து, ஈர விரலால் மட்கார்டைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் காஞ்சிருக்குங்க" என்று சொல்லிவிட்டு நெரைக்குத் திரும்பிப் போனாள்.