பராக்ரமும் ஒரு அண்டா சாம்பாரும்

பராக்ரம் பிக்கப் வண்டியின் விளம்பரம் ஷோரூம் டிவியில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது ஓடும். மலை உச்சியில் ஒரு பெண் பித்தளை அண்டா நிறையப் பாலை வண்டியில் ஏற்றுவாள். வண்டி கற்படிகளில் தடதடவென்று இறங்கும். வழியில் பாலம் அறுந்து கிடக்கும். வண்டி நிற்காது, அந்தரத்தில் பறந்து அக்கரையில் குதிக்கும். கோயில் வாசலில் நின்றதும் அந்தப் பெண் அண்டாவிலிருந்து ஒரு சொம்பு பால் மொள்ளுவாள். ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்காது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து இந்த ஷோரூமில் சேர்ந்த முதல் வாரம் கவின் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இரண்டாவது மாதத்தில் படிக்கட்டை மட்டும் நம்பத் தொடங்கினான். எட்டாவது மாதம் வந்தபோது, "சஸ்பென்ஷன் அந்த மாதிரிங்க" என்று பாலத்தையும் சேர்த்து விற்க ஆரம்பித்திருந்தான். தினம் நூறு தடவை பார்த்தால் எவனுக்கும் அப்படித்தான் ஆகும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வனஜா வந்தாள். நீலசந்திராவில் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஹெல்மெட், இடுப்பில் சாவிக்கொத்து. வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளம்பரத்தை மூன்று முறை முழுதாகப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, இது நெஜமா?"

"நெஜம்தானுங்க மேடம்."

"கீழ பொடி எழுத்துல என்னவோ ஓடுச்சே?"

"அது சும்மா ரூல்ஸுக்காகப் போடறதுங்க."

"ஒரு சொட்டு கூடவா சிந்தாது?"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் லவினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் அவன் இன்னும் ஒரு வண்டிகூடத் தள்ளிவிடவில்லை. கவினின் நாக்கு அவனைக் கேட்காமல் தானாக ஓடியது.

"நானே ஓட்டிப் பாத்திருக்கேனுங்க. பால் வெச்சே ஓட்டினேன். மூடிகூடப் போடலை."

வனஜா அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ ஒரு குஷி இருந்தது. அவன் அதை வண்டி பிடித்துப்போன குஷி என்று எடுத்துக்கொண்டான்.

"அப்போ ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கெழம எங்க ஏரியா ஹால்ல ஒரு நிச்சயதார்த்தம். எரநூறு பேருக்குச் சாப்பாடு. சாம்பார் அண்டாவ இங்க எடுத்தாறேன். நீ டெஸ்ட் டிரைவ்ல அத ஹாலுக்குக் கொண்டுபோய்ச் சேத்துடு. படிக்கட்டு பேட, பாலமும் வேண்டாம். சாதா ரோடு போதும். மூடி மட்டும் போடக்கூடாது."

கவின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. லவினா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். உள்ளே இருந்த அவளுக்கு வெளியே பேசியது ஒன்றும் கேட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு லக்கேஜ் ஆட்டோ வந்து நின்றது. நாலு பேர் சேர்ந்து அண்டாவைப் பிக்கப்பில் ஏற்றினார்கள். அண்டா அசையாதபடி வனஜா கயிறு போட்டுக் கட்டினாள். பிறகு ஒரு பக்கெட்டிலிருந்து மேலும் ஊற்றி, வாய்விளிம்பு வரை ததும்ப நிரப்பினாள். ஆவி பறந்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் ஷோரூம் முழுக்க மணத்தன. மெக்கானிக்குகள் எச்சில் விழுங்கினார்கள்.

கவின் ஓட்ட, வனஜா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

ஷோரூம் வாசலில் ஒரு சின்னச் சரிவு. அதில் வண்டி இறங்கியபோதே பின்னால் 'தளக்' என்று ஒரு சத்தம். கவின் கண்ணாடியில் பார்த்தான். அண்டாவின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கோடு வழிந்திருந்தது.

"என்னா தம்பி, சத்தம்?"

"கயிறுங்க. கயிறு இறுகுது."

ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் அவன் மாட்டுவண்டி வேகத்தில் போனான். பின்னால் பஸ்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இந்திராநகர் நூறடி ரோட்டில் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்தது. கவின் பிரேக்கை மிதித்தான். பின்னால் அலை எழும்பி, கேபின் கண்ணாடியில் சளாரென்று அடித்து வழிந்தது. ஒரு கறிவேப்பிலை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அவனைப் பார்த்தது.

வனஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த விளம்பரத்துல எவ்ளோ ஒசரத்துலருந்து குதிக்குது?" என்று கேட்டாள்.

"முப்பது அடி இருக்குங்க."

"அப்பாடி!"

டொம்ளூர் தாண்டியதும் பெயின்ட் போடாத ஒரு வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறிக் குதித்தது. அண்டாவிலிருந்து ஒரு பெரிய மஞ்சள் நாக்கு எழும்பி வெளியே பாய்ந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரரின் வெள்ளைச் சட்டை பாதி மஞ்சளாகிவிட்டது. அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த சிக்னலில் பக்கத்தில் வந்து, "ஏன்ரீ இது, சாம்பாரா?" என்று கன்னடத்தில் கத்தினார்.

வனஜா ஜன்னலில் தலையை நீட்டிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பிரசாதா அந்த்கொள்ளி சார்!"

அதைப் பிரசாதமாக நினைத்துக்கொள்வதா சண்டை போடுவதா என்று அவர் முடிவு பண்ணுவதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. கவின் பச்சையைப் பார்த்ததும் பறந்தான். பறந்ததில் இன்னும் இரண்டு அலை போயிற்று.

விவேக்நகர் வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இலையில் சாதத்தைப் போட்டுக்கொண்டு சாம்பாருக்காகக் காத்திருப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு மாமா எழுந்து போவதும், நிச்சயம் நின்றுபோவதும், மணப்பெண் அழுவதும் வரிசையாகத் தெரிந்தன. ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினான்.

"அக்கா."

இவ்வளவு நேரமும் மேடமாக இருந்தவள் அக்காவானதைக் கவனித்து, வனஜா புருவத்தை உயர்த்தினாள்.

"நான் பால் வெச்சு ஓட்டினதே இல்லீங்க்கா. சுடுதண்ணி வெச்சுக்கூட ஓட்டினதில்லை. அந்த வெளம்பரம் எனக்கும் டிவில பாத்த அளவுக்குத்தான் தெரியும். உங்க சாம்பார் பூராம் ரோட்டுல போச்சு. இப்ப எந்த ஹோட்டல்லயாவது வாங்கிக் குடுத்தர்றேன். சொல்லுங்க, எங்க போலாம்?"

வனஜா அவனை ஒரு நிமிஷம் தவிக்கவிட்டாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை. டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சாகு, போதும். அழுதுடாதப்பா. பின்னால இருக்கறது சாம்பாரே இல்ல. மஞ்சத் தண்ணி. வாசனைக்குக் கொஞ்சம் பெருங்காயம், ரெண்டு கொத்துக் கறிவேப்பில. சாம்பார் பத்து மணிக்கே ஹாலுக்குப் போயாச்சு. எரநூறு பேர் சாப்பாட்ட உன்ன நம்பி விடுவனா நான்?"

கவினுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தது நிம்மதிதான். ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"அப்ப வெளம்பரம் பொய்யின்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமாங்க்கா?"

"தெரியுமாவா? அந்தப் பாலக் காச்சினதே நான்தான்!"

போனை எடுத்துக் காட்டினாள். ஒரு கல்குவாரி. கிரேனில் கம்பி கட்டிப் பராக்ரம் பிக்கப் தொட்டில் பிள்ளை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கற்படியெல்லாம் பிளைவுட், பின்பக்கம் ஆணி தெரிந்தது. அடுத்த படத்தில் வனஜா ஏப்ரனோடு அந்தப் பித்தளை அண்டா பக்கத்தில் நின்றாள்.

"ஷூட்டிங்குக்கு மூணு நாள் சாப்பாடு என்னுது. மொத நாள் நெஜப் பால் வெச்சாங்க. வண்டிய லேசா அசைச்சதுக்கே பாதி போச்சு. டைரக்டர் தலைல கைய வெச்சுட்டாரு. நான்தான் கடல்பாசி போட்டுக் காச்சி எறக்கினேன். கெட்டியா ஒறைஞ்சிடுச்சு. அண்டாவக் கவுத்தாலும் விழாது. அந்தப் பொண்ணு சொம்ப விட்டு மொள்ளப் பாத்து, சொம்பு உள்ள மாட்டிக்கிச்சு. அப்புறம் வேற அண்டால நெஜப் பால் ஊத்தி அத மட்டும் தனியா எடுத்தாங்க."

கவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். எட்டு மாதமாக அவன் விற்றது ஒரு அண்டா கடல்பாசி என்பது மெல்ல உறைத்தது. அவனும் சிரிக்க ஆரம்பித்தான்.

"அப்பறம் எதுக்குங்க இந்த வண்டியப் பாக்க வந்தீங்க? என்னை வெச்சுக் காமெடி பண்ணவா?"

"அதுவும்தான். நீ பால் வெச்சு ஓட்டினேன்னு சொன்ன பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்." வனஜா கதவைத் திறந்து இறங்கினாள். "ஆனா வண்டி நல்ல வண்டிப்பா. அந்தக் குவாரிக்கு ரோடே கெடையாது. மூணு நாளும் அறுபது பேர் சாப்பாட்ட இதேதான் ஏத்திட்டுப் போச்சு. ஒரு நாள் கூட மக்கர் பண்ணல. அத ஒருத்தனும் படம் எடுக்கல."

பின்பக்கம் ஏறி, நீளமான கரண்டிக் காம்பை அண்டாவுக்குள் விட்டு அளந்தாள். ஈரம் ஏறிய இடத்திலிருந்து விளிம்பு மட்டம் வரை விரலை வைத்து எண்ணினாள்.

"ஆறு விரக்கடை கொறஞ்சிருக்குது. லக்கேஜ் ஆட்டோல இதே ரோட்டுல வந்தா பாதி அண்டா காலி. தெனமும் நான் போற ரோடு இதுதான். மூடி போட்டா ரெண்டு விரக்கடைக்கு மேல போவாது. எனக்கு அது தெரிஞ்சா போதும்."

ஹாலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் அவனைத் திரும்பிப் போக விடவில்லை. மாப்பிள்ளைவீட்டுப் பந்தியிலேயே உட்காரவைத்து அவளே பரிமாறினாள். கரண்டியில் சாம்பார் வந்தபோது கவின் ஒரு கணம் தயங்கி, குனிந்து முகர்ந்து பார்த்தான். பக்கத்து இலை மாமா அவனை முறைத்தார். முருங்கைக்காய் போட்ட நிஜச் சாம்பார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டான்.

"வியாழக்கெழம வந்து புக் பண்றேன்" என்றாள் வனஜா, அப்பளத்தை வைத்தபடி. "ஒன்றரைக்கு முந்தி. அப்புறம் ராகுகாலம்."

கை கழுவிக்கொண்டிருந்தபோது லவினாவிடமிருந்து போன் வந்தது.

"கவின், ஏனாயித்து, என்ன ஆச்சு? வண்டி எங்க?"

"கஸ்டமர் ஓகே சொல்லிட்டாங்க மேடம். வியாழக்கெழம புக்கிங்."

"சூப்பர்! சீக்கிரம் வா. மூணு மணிக்கு ஒருத்தர் அந்த வண்டியப் பாக்க வர்றார்."

கவின் வாசலுக்கு வந்து பார்த்தான். வெள்ளைப் பராக்ரம், கேபினிலிருந்து வால் வரை மஞ்சள் வழிந்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தெருநாய் ஒன்று பின்சக்கரத்தை அக்கறையாக நக்கியது.

"மூணு மணிக்குள்ள கஷ்டம் மேடம்" என்றான். "ஏன்னு நேர்ல வந்து சொல்றேனுங்க. போன்ல சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."