முழுசினது ஆர்?

முழுசுவதென்றால் சும்மா பார்ப்பதல்ல. இமை வெட்டாமல், எதிரில் நிற்பவருக்கு உடம்பு கூசும்படி கண்ணை நட்டு வைப்பது. வட்டக்கச்சியில் பெண்பிள்ளைகளை ஏச அது நல்ல வசதியான சொல். ஆம்பிளைகளுக்கு அதை அவ்வளவாக யாரும் செலவழிப்பதில்லை.

பிரஷாந்தினிக்கு அந்தச் சொல் ஒரு கலியாணப் பேச்சில் வந்து சேர்ந்தது. லண்டன் மாப்பிள்ளைக்காக அவனுடைய தாய்மாமன் பொம்பிளை பார்க்க வந்திருந்தார். பிள்ளையார் கோயிலில், அவள் தகப்பனோடு கும்பிட வந்த நேரம், தற்செயலாகச் சந்திப்பதுபோல. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தெரிந்ததாகக் காட்டமாட்டார்கள். பெண் தலை குனிந்து கோயில் வீதியைச் சுற்றி வரவேண்டும். வந்தவர்கள் கும்பிடுகிற சாட்டில் பார்த்துக்கொள்வார்கள். இந்த மனிதருக்குச் சாட்டும் தேவைப்படவில்லை. பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாடு வாங்க வந்தவர்போல அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். அடுத்த சுற்றிலும் அதேதான். பிரஷாந்தினி நின்றாள். அவர் கண்ணை எடுக்கும்வரை அவரையே பார்த்தாள்.

பின்னேரமே தரகர் குகதாசன் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். பெட்டை மாமனை முழுசினதாம். என்றாலும் தகப்பனும் மகளும் போய் மன்னிப்புக் கேட்டால், அவர்கள் பெரிய மனசு பண்ணிக் கலியாணத்தை ஒப்பேற்றுவார்களாம்.

ஒரு சொல்தானே, சொன்னால் வாய் தேயுமோ என்றாள் தாய் விமலேஸ்வரி. பிரஷாந்தினிக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டால் அதோடு முடியாதே. அந்தக் கண்களுக்கு முன்னால் காலம் முழுக்கக் குனிந்து நிற்கவேண்டும். அப்பா பரமலிங்கமோ ஊரில் ஒருவர் சொல்லையும் தட்டாதவர்.

அவர் மகளிடம், வேணுமெண்டுதான் பார்த்தியோ என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அப்பா. அவர் என்னை விழுங்கிற மாதிரிப் பாத்தவர். அவர் நிப்பாட்டுமட்டும் நானும் பாத்தனான்."

அப்பா கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டினார். மன்னிப்புக் கேட்கத்தான் வெளிக்கிடுகிறார், எல்லாம் முடிந்தது என்று பிரஷாந்தினி நினைத்தாள். அவர் தரகரைப் படலைவரை கூட்டிக்கொண்டு போனார். அவளும் பின்னால் போனாள்.

"குகதாசன், நானும் கோயிலில நிண்டனான். முழுசினது அவர். பிள்ளை திருப்பிப் பாத்தவள். மன்னிப்பு வேணுமெண்டால் அவரை இஞ்சை வந்து கேக்கச் சொல்லுங்கோ."

அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள் என்றார் தரகர். தாராளமாகப் பார்க்கட்டும் என்று அப்பா படலையைச் சாத்தினார். லண்டன் போச்சே என்று புறுபுறுத்துக்கொண்டு விமலேஸ்வரி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

பிரஷாந்தினிக்கு நெஞ்சில் ஏற்றியிருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த மாமன் முழுசினதை அப்ப நீங்களும் கண்டனீங்களோ என்று அப்பாவிடம் கேட்டாள்.

"கண்டனான். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் பேசாமல் நிண்டனான். நீ திருப்பிப் பாத்தாப் பிறகுதான் பிள்ளை, எனக்கு மூச்சு வந்தது."