நடுவால்

நீர்ப்பாசனத் துரைக்கு மீன் பைத்தியம். மட்டக்களப்பு வாவியில் துள்ளுகிற மீனையெல்லாம் அவர் மீன் என்றே ஒத்துக்கொள்வதில்லை. நுவரெலியா ஆறுகளில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மட்டும்தான் மீன். அதைப் புழுக் கோத்துப் பிடிப்பது துரைமாருக்குக் கௌரவக் குறைச்சலாம். ஆற்றில் அன்றைக்கு எந்தப் பூச்சி பொரிக்கிறதோ, அதே சாயலில் நூலும் இறகும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டி வீச வேண்டுமாம். ஆகவே, தண்ணீர்ப் பூச்சியை இனங்காணத் தெரிந்தவன்தான் துரைக்கு வேண்டிய ஆள்.

அந்த ஆள் தான்தான் என்று, துரையின் புளியந்தீவுக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் அருமைநாயகம் மூன்று வருஷமாக நம்பியிருந்தார். துரையின் தடித்த புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தண்ணீருக்குள் கிடக்கும் பூச்சிக் குஞ்சுக்கு மூன்று வால் என்றால் மேஃப்ளை, இரண்டு வால் என்றால் ஸ்டோன்ஃப்ளை. இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு முழம் உயரம் கூடும்.

அதற்குள் வந்து சேர்ந்தான் காத்தான்குடி நெசவாளி உசனார். பொய்ப்பூச்சி கட்ட விரல் நயம் உள்ளவன் என்று துரையே தேடிப்பிடித்த ஆள். இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாது. அவன் பேச்சைத் துரைக்கு மொழிபெயர்ப்பது அருமைநாயகத்தின் வேலை. வயதில் மூத்தவன் என்பதால் அண்ணன் முறை வைத்து வாயால் "காக்கா" என்பார்; மனசுக்குள் "அவன்"தான்.

வந்த முதல் கிழமையே, ஸ்டோன்ஃப்ளை என்று கிளாக்கர் எழுதி ஒட்டிய புட்டியை உசனார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கிளாக்கர் ஐயா, இதுக்கு வயித்தோரமா இறகு இறகாச் செவுள் நிக்குது. மற்றச் சாதிக்கு அது கால் முளைக்கிற இடத்தில குஞ்சமா இருக்கும். இது மூணுவால் சாதிதான், ஒரு வால் உடைஞ்சிருக்குப் போல."

தன் பிழையைத் தன் வாயாலேயே மொழிபெயர்த்தார் அருமைநாயகம். துரை உசனாரின் முதுகில் தட்டினார். மூன்று வருஷத்தில் கிளாக்கரின் முதுகில் ஒரு தட்டு விழுந்ததில்லை.

தை மாதம் துரைக்கு நுவரெலியாவுக்கு மாற்றம் வந்தது. பூச்சி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவேன் என்றார். அருமைநாயகம் யாருக்கும் சொல்லாமல் கம்பளிக் கோட்டு ஒன்று தைத்து வைத்திருந்தார். துரையின் கண்ணோ உசனாரின் விரலிலேயே நின்றது.

முந்தனை ஆற்றிலிருந்து உசனார் புதிதாக ஒரு குஞ்சு பிடித்து வந்தான். துரை அதுவரை கண்டிராத சாதி. அதேபோல் பொய்ப்பூச்சி கட்டிக்கொண்டு திங்கட்கிழமை வா என்று சொல்லி, வாலை எண்ணக்கூடப் பொறுக்காமல், படம் வரையப் புட்டியைக் கிளாக்கரிடம் கொடுத்தார்.

மூன்று வால். மயிரிழை போல. அருமைநாயகம் இடுக்கியை எடுத்து நடுவாலை அடியோரமாக ஒடித்தார். உள்ளூரக் குளிர்ந்தது. அவன் மூன்று வாலோடு கட்டிவரட்டும், துரை இரண்டை எண்ணட்டும்.

திங்கட்கிழமை அப்படியேதான் நடந்தது, பாதிவரைக்கும். துரை எண்ணினார், புருவத்தைச் சுருக்கினார், பூதக்கண்ணாடியை எடுத்தார். காலுக்கு ஒற்றை நகம்; அப்படியென்றால் மேஃப்ளைதான். இரண்டு வாலுக்கும் நடுவில் ஒரு சின்ன மூளி. உசனார் கட்டியது அச்சொட்டாகச் சரி. துரையின் முகம் சிவந்தது. யார் ஒடித்தது என்று கேட்கச் சொன்னார்.

கேட்க வேண்டியவரும் அருமைநாயகம்தான்.

"காக்கா, வாலை ஆர் ஒடிச்சதெண்டு துரை கேக்கார்."

உசனார் அவரைப் பார்த்தான். கோபமில்லாத பார்வை. அதுதான் சுட்டது.

"என்ட கை பட்டுத்தானெண்டு சொல்லுங்க, ஐயா. தறியடிக்கிற முரட்டுக் கை."

அருமைநாயகம் ஓரெழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தார். அபூர்வப் பொருளைக் கெடுக்கிற கை தனக்கு வேண்டாம் என்றார் துரை. கம்பளிக் கோட்டு நுவரெலியாவுக்குப் போயிற்று.

போய் என்ன? கிளாக்கர் கட்டிய பொய்ப்பூச்சியை ஒரு மீனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் துரை கோபத்தை விழுங்கிக்கொண்டு, "அந்த நெசவாளிக்கு எழுது, ஒரு டஜன் வேண்டும்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியவரும் அருமைநாயகம்தான்.

பன்னிரண்டு பூச்சி வந்தது. அன்றைக்குத் துரையின் கூடை நிறைந்தது. பொட்டலத்தின் அடியில், கிளாக்கர் பெயர் எழுதிய தாளில் தனியாக இன்னொரு பூச்சி மடித்து வைக்கப்பட்டிருந்தது. தாளில் உசனார் எழுதியிருந்தான்:

"ஐயா, அந்தக் குளிருக்கு வர எனக்கு முதலே மனமில்ல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பன். இது உங்களுக்கு. நடுவாலைக் கெட்டியாக் கட்டியிருக்கன். இனி லேசில ஒடியாது."