பெரிய சோபாவை மட்டும் தோண்டும் நாய்

ஒற்றை நாற்காலிகளை விட்டுவிட்டு மூன்று பேர் உட்காரும் சோபாவை மட்டும் நாய் ஏன் கிழிக்கிறது என்பது சோபாக்காரருக்குப் பிடிபடவே இல்லை.

பட்டறையில் எல்லாம் ஒரே வரிசையில்தான் நின்றன. அதே துணி, அதே ஃபோம், அதே பசை. நாற்காலிகள் மேல் ஏறி நாய் தூங்கியது. பெரிய சோபா மேல் ஏறினால் போதும், சிலையாக நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்தது. பிறகு முதுகுப் பலகையும் இருக்கையும் சேரும் ஓரத்தில் முன்னங்கால் இரண்டையும் போட்டுத் தோண்ட ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் இரண்டு சோபாக்கள் கிழிந்தன, இரண்டும் மதியச் சாப்பாட்டு வேளையில்.

அது டெரியர் வகை நாய். வெள்ளை உடம்பு, பழுப்புக் காது, முழங்கால் உயரம்கூட இல்லை. சோபாக்காரரின் மச்சினன் மாடிக் குடியிருப்புக்கு மாறியபோது, அங்கே நாய் கூடாது என்று சொல்லிவிட்டதால் கொண்டுவந்து விட்டுப் போன நாய். வந்த அன்றே சிதறிக் கிடந்த ஆணிகளுக்கு நடுவில் படுத்ததால் ஆணி என்று பெயர் வந்தது. சோபாக்காரர் கட்டை அறுக்கும்போது அவர் செருப்பு மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். முப்பது வருஷமாகத் தனியாகக் கட்டை அறுத்தவருக்கு அந்தக் கனம் பழகிவிட்டது.

"நாளைக்குப் பல் டாக்டரோட சோபா போகணும். மூணாவதும் கிழிஞ்சா, தம்பியைக் கூப்பிட்டு இதை அனுப்பிடுவேன். தோட்டம் வச்சிருக்கிற யாரோ கேக்குறாங்களாம்" என்றார் மனைவி. உள்ளறையில் துணி வெட்டுவதும் தைப்பதும் அவர் வேலை. கிழிந்ததை மறுபடி தைத்ததும் அவர்தான். அதனால் பேச்சுக்கு இடமில்லை.

"சாப்பாட்டு நேரத்துலதானே பண்ணுது. நம்மளை விட்டுட்டுத் திங்கிறாங்களேன்னு கோபமா இருக்கும்."

"கோபம் வந்தா நாற்காலியைக் கடிக்கலாம்ல? அதுக்கு மட்டும் அந்தஸ்து பாக்குமா?"

எந்தப் பழுதுக்கும் சோபாக்காரர் வழி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பார். கிழிந்த இரண்டாவது சோபாவை வைத்து மதிய வேளைகளில் அப்படித்தான் பார்த்திருந்தார். பெரிய சோபாவின் ஃபோமைத் தூக்கி நாற்காலியில் போட்டார், நாய் அதன் மேல் தூங்கியது. நாற்காலியின் ஃபோமைச் சோபாவில் போட்டார், தோண்டியது. பசை போடாமல் வைத்தார், அப்போதும் தோண்டியது. எலியோ என்று சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைப் பிரித்தார். உள்ளே அவரே என்றோ தொலைத்த பென்சில் கிடந்தது. எலி இல்லை.

அன்று காலை ஆணிக்கு ஊசி போட நாய் டாக்டரிடம் போனபோது விஷயத்தைச் சொன்னார்.

"பைத்தியமாம்மா இது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ரொம்பத் தெளிவா இருக்குங்க. டெரியரை எதுக்கு வளர்த்தாங்கன்னு தெரியுமா? வளைக்குள்ள பூந்து எலி, நரி எல்லாத்தையும் வெளிய கிளப்ப. வளைக்குள்ள இருட்டு, கண்ணு உதவாது. மூக்கும் காதும்தான். சத்தம் வந்த இடத்தைத் தோண்டும். நீங்க அதைக் குறும்புங்கிறீங்க, அது வேலை பாக்குறதா நினைச்சிட்டிருக்கு."

"வாசனை எல்லாம் மாத்திப் பாத்துட்டேனே."

"அப்போ மிச்சம் என்ன?"

வழியெல்லாம் அந்தக் கேள்விதான். மிச்சம் காது. ஆனால் சோபாவுக்கு ஏது சத்தம்? செய்து முடித்த ஒவ்வொன்றின் மேலும் உட்கார்ந்து, எழுந்து, குதித்துப் பார்த்துத்தானே அனுப்புகிறார்? ஒரு முனகல்கூட அவர் கேட்டதில்லை.

பட்டறைக்கு வந்ததும், காலையில் ஓடவிட்டுப் போயிருந்த, ஆணி அடிக்கும் துப்பாக்கிக்குக் காற்றடைக்கும் இயந்திரத்தை நிறுத்தினார். அதன் இரைச்சல் அடங்கியதும்தான் உள்ளறையில் தையல் மோட்டார் ஓடுவது கேட்டது.

"அதையும் கொஞ்சம் நிறுத்தேன்."

"சாப்பிடவா? மணி பதினொண்ணுதானே ஆகுது."

சாப்பாட்டு வேளையில்தான் இரண்டு இயந்திரமும் நிற்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாய்க்கு வேண்டியது சாப்பாடு இல்லை, நிசப்தம்.

பல் டாக்டருக்கான சோபாவின் பின் ஓரத்தில் சோபாக்காரர் மெல்ல உட்கார்ந்தார். ஆணி தலையைச் சாய்த்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளறை வாசலில் வந்து நின்ற மனைவி முகத்தைச் சுளித்தார். "என்னங்க அது, கீச்சுனு?"

"எது?"

"இன்னொரு தடவை உட்காருங்க. இதோ! எலிக்குஞ்சு மாதிரி. நிஜமாவே கேக்கலையா உங்களுக்கு?"

கேட்கவில்லை. முப்பது வருஷம் ஆணி அடிக்கும் துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருந்த காது அது. மெல்லிய சத்தங்கள் எப்போது அதைவிட்டுப் போயின என்றே அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் காது மடலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிறகு சோபாவைக் கவிழ்த்தார். இருக்கைக்கு அடியில் வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங் கம்பிகள். அவற்றின் நுனியைச் சட்டத்தோடு பிடித்திருப்பவை சின்னச் சின்ன இரும்புக் கிளிப்புகள். நாற்காலிக்குப் போடும் சின்னக் கிளிப்பு ஒன்றைப் பழைய டப்பாவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. பெரிய சோபாவுக்கான பெரிய கிளிப்பைப் போன மாதம் புதுப் பாக்கெட்டாக வாங்கியிருந்தார். அதில் பிளாஸ்டிக் இல்லை, வெறும் இரும்பு. பார்க்காமலே மூன்று சோபாவுக்கும் அடித்துவிட்டார்.

"அப்போ கிழிஞ்ச ரெண்டையும் நான் தைச்சுக் கொடுத்தேனே, அதுவும் கீச்சுனுதான் இருக்குமா?"

"நாளைக்கே போய்ச் சரிபண்ணிட்டு வரேன்."

"ஆக, தப்பு பண்ணினது நீங்க. திட்டு வாங்கினது அது." மனைவி குனிந்து ஆணியின் பழுப்புக் காதைத் திருகினார், செல்லமாகத்தான். "தம்பிகிட்ட நாய் எங்கேயும் வரலைன்னு சொல்லிடுறேன். உங்களுக்கு ஒரு காது வேணும்ல."

வெட்டி எறிந்த ரெக்சினிலிருந்து விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு கிளிப்புக்குள்ளும் ஒன்றைச் செருகி, கம்பியை மறுபடி மாட்டினார். இருபது கிளிப்புகள். சோபாவை நிமிர்த்தியதும் ஆணி ஏறியது. தலையைச் சாய்த்து நின்றது. இரண்டு சுற்றுச் சுற்றியது. படுத்துத் தூங்கிவிட்டது.

இரும்பும் இரும்பும் உரசினால் கீச்சுச் சத்தம் வரும், நடுவில் ரெக்சின் இருந்தால் வராது, சத்தம் வராவிட்டால் நாய் தோண்டாது. இனி எந்தச் சோபாவும் ஆணி அதன் மேல் தூங்கிய பிறகுதான் பட்டறையை விட்டுப் போகும்.